பொறியியல் பட்டத்தின் அங்கீகாரம்: விளம்பரத்தைக் கழித்துப் பார்த்தால்

பொறியியல் கல்லூரிகள் தங்கள் விளம்பரத்தில் மூன்று வேறு சரக்குகளை ஒரே பொட்டலமாகக் கட்டி நீட்டுகின்றன. ஒன்று, கல்லூரி நடத்துவதற்கான அனுமதி. இரண்டு, கல்லூரி முழுவதற்குமான தர மதிப்பீடு. மூன்று, சிவில், மெக்கானிக்கல் என்று ஒவ்வொரு பாடப்பிரிவையும் தனித்தனியாக ஆராய்ந்து, "இதைப் படித்து முடித்தவர் தொழில்முறைப் பொறியாளராகும் படிப்புத் தகுதி பெற்றவர்" என்று சொல்லும் அங்கீகாரம். இந்தியாவில் இந்த மூன்றும் முறையே ஏஐசிடிஇ, நாக், என்பிஏ என்ற மூன்று அமைப்புகளிடமிருந்து வருகின்றன. அமெரிக்காவில் பல்கலைக்கழகத்துக்கு ஒரு அங்கீகாரம் உண்டு. பொறியியல் பாடப்பிரிவுக்கு ஏபெட் என்ற அமைப்பு தருவது வேறு. பிரிட்டனில் பட்டம் வழங்கும் அதிகாரம் பல்கலைக்கழகத்துடையது. பட்டத்தை அங்கீகரிப்பவை இன்ஜினியரிங் கவுன்சிலின் உரிமம் பெற்ற தொழில்முறைச் சங்கங்கள்.

பொறியாளர் லைசென்ஸ், பிரிட்டன் பாணியில் படிப்பையும் அனுபவத்தையும் பார்த்துத் தரும் சார்ட்டர்டு இன்ஜினியர் தகுதி, வெளிநாட்டுத் தகுதி மதிப்பீடு என்று வரும்போது மேசையில் கேட்கப்படுவது மூன்றாவது மட்டுமே. இங்கே எடைபோடுவதும் அதைத்தான். தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடலாம்: சிவில், ஸ்ட்ரக்சுரல், மின்சக்தி என்று வரைபடத்தில் கையெழுத்திட்டுப் பொறுப்பேற்கும் துறைக்குப் போகிறவருக்கு இது தவிர்க்கக் கூடாதது. சாஃப்ட்வேர் பக்கம் போகிறவருக்கு இருந்தால் நல்லது. இல்லாவிட்டால் குடி முழுகிப் போகாது. மற்றவர்கள் இடையில் எங்கேயோ இருக்கிறார்கள்.

உள்ளே என்ன சோதிக்கிறார்கள்

கல்லூரி முதலில் ஒரு சுயமதிப்பீட்டு அறிக்கை எழுதி அனுப்புகிறது. பிறகு பிற பல்கலைக்கழகப் பேராசிரியர்களும் தொழில்துறைக்காரர்களும் சேர்ந்த குழு சில நாட்கள் நேரில் வந்து உட்காருகிறது. பாடவாரியாகக் கேள்வித்தாள், திருத்திய விடைத்தாள், லேப் ரெக்கார்டு, ஃபைனல் இயர் ப்ராஜெக்ட் அறிக்கை எல்லாம் பரப்பி வைக்கப்பட்டிருக்கும். ஆசிரியர்கள் இல்லாத அறையில் மாணவர்களிடம் பேசுவார்கள். குழுவில் அனுபவசாலி இருந்தால் முதல் மதிப்பெண் விடைத்தாளை ஓரமாகத் தள்ளிவிட்டு, தட்டுத்தடுமாறித் தேறிய விடைத்தாளைக் கையில் எடுப்பார். அங்கீகாரத்தின் உயிர் அங்கேதான் இருக்கிறது: கடைசியில் தேறியவரும் தகுதிக்கோட்டைத் தாண்டியிருக்க வேண்டும்.

கனடாவின் அங்கீகார வாரியம் இதை நேரடியாகவே செய்கிறது. எந்த விருப்பப் பாடங்களைச் சேர்த்து எடுத்தால் பொறியியல் உள்ளடக்கம் மிகக் குறையுமோ, அந்தக் குறைந்தபட்சப் பாதையை எடுத்துத்தான் கணக்குப் போடுவார்கள். வகுப்பறையில் நடக்கும் ஒரு மணி நேரப் பாடத்துக்கு ஒரு அலகு. லேப், டுடோரியல் என்றால் மணிக்கு அரை அலகு. கணிதத்துக்கு மட்டும் குறைந்தது 195 அலகுகள் தேற வேண்டும். ஏபெட்டின் அளவுகோல் கிரெடிட்டில்: கணிதமும் அடிப்படை அறிவியலும் சேர்த்து 30 செமஸ்டர் கிரெடிட், பொறியியல் பாடங்கள் 45.

ஏபெட்டின் இந்த இரண்டு எண்களையும் வைத்துக்கொண்டு எந்தக் கல்லூரியின் சிலபஸையும் நீங்களே உட்கார்ந்து கூட்டிப் பார்க்கலாம். கிரெடிட் கணக்கிடும் முறை இடத்துக்கு இடம் மாறும் என்பதால், மொத்தக் கிரெடிட்டில் எத்தனை பங்கு என்று பாருங்கள். நான்காண்டுப் படிப்பில் சுமார் ஒரு ஆண்டு கணிதமும் அறிவியலும், ஒன்றரை ஆண்டு பொறியியலும் இருக்க வேண்டும். 'புதிய யுகப் படிப்பு' என்று பெயர் வைத்த சில பிரிவுகளை இப்படிக் கூட்டினால், மூன்றாம் செமஸ்டரோடு கணிதம் காணாமல் போயிருப்பது தெரியும்.

சரக்கின் குறையையும் சொல்ல வேண்டும். இன்றைய அங்கீகாரம் முழுக்க 'விளைவு அடிப்படையிலான கல்வி' என்ற அச்சில் சுழல்கிறது. மாணவர் என்ன படித்தார் என்பதைவிட, படித்து முடித்து என்ன செய்ய முடிகிறது என்பதை அளப்பது நோக்கம். நோக்கத்தில் பழுதில்லை. நடைமுறையில் இது பல இடங்களில் எக்செல் ஷீட் நிரப்பும் வேலையாகச் சுருங்கிவிட்டது. இந்தியக் கேள்வித்தாள் ஒன்றைக் கையில் எடுங்கள். ஒவ்வொரு கேள்விக்கும் பக்கத்தில் 'சிஓ2, கே3' என்று குறியீடு அச்சாகியிருக்கும். சிஓ2 என்றால் அந்தப் பாடத்தின் இரண்டாவது கற்றல் விளைவு. கே3 என்றால் கற்றதைப் பயன்படுத்திக் காட்டும் கேள்வி. ஆனால் கேள்வி என்னவோ "பெர்னூலி தேற்றத்தைக் கூறுக" என்று இருக்கும். அது கே1, அதாவது நினைவிலிருந்து ஒப்பிப்பது. குறியீடும் கேள்வியும் இப்படி முட்டிக்கொண்டால், அந்தத் துறையில் அங்கீகாரம் பைலில் இருக்கிறது, வகுப்பில் இல்லை என்று புரிந்துகொள்ளலாம். பழைய கேள்வித்தாள்கள் எளிதாகக் கிடைப்பவைதான். சேருவதற்கு முன்பு ஐந்தாறைப் புரட்டிப் பார்ப்பது எந்தத் தரவரிசைப் பட்டியலைவிடவும் உபயோகமானது.

வேலைவாய்ப்பையோ, ஆசிரியர் நன்றாக நடத்துவாரா என்பதையோ அங்கீகாரம் உத்தரவாதம் செய்வதில்லை. இது ஒரு தகுதிக்கோடு. கோட்டைத் தாண்டியவர்களுக்குள் யார் முன்னே யார் பின்னே என்று அது சொல்லாது; சொல்வதாக விளம்பரம் செய்தால் நம்ப வேண்டாம்.

வாஷிங்டன் உடன்பாடு: எது வரும், எது வராது

இந்த முத்திரைக்கு எல்லை தாண்டி மதிப்புத் தருவது வாஷிங்டன் உடன்பாடு. 1989இல் ஆஸ்திரேலியா, கனடா, அயர்லாந்து, நியூசிலாந்து, பிரிட்டன், அமெரிக்கா ஆகிய ஆறு நாடுகளின் அங்கீகார அமைப்புகள் கையெழுத்திட்டன. பின்னால் பலர் சேர்ந்தார்கள்: சிங்கப்பூர் 2006இல், மலேசியா 2009இல், இந்தியாவும் இலங்கையும் 2014இல். ஒரு உறுப்பு அமைப்பு அங்கீகரித்த பட்டத்தைத் தங்கள் பட்டத்துக்கு ஈடானதாக மற்றவர்கள் ஏற்பார்கள் என்பதே உடன்பாட்டின் சாரம். கல்லூரி இணையதளங்களில் இதைப் பற்றி ஒரு வரி இருக்கும். அந்த ஒரு வரி விழுங்கிவிடும் விஷயங்கள் நான்கு.

முதல் விஷயம் ஆண்டு. நாடு உறுப்பினரான பிறகு, அங்கீகாரம் செல்லுபடியான காலத்தில் பெற்ற பட்டத்துக்கே பலன். 2010இல் முடித்த இந்தியப் பட்டத்தை 2014இன் கையெழுத்து பின்னோக்கி இழுத்துக்கொள்ளாது.

அடுத்தது இடம். உறுப்பு அமைப்பு தன் சொந்த எல்லைக்குள் அங்கீகரித்த படிப்புகளையே உடன்பாடு தழுவுகிறது. ஏபெட் அமெரிக்காவுக்கு வெளியேயும் படிப்புகளை ஆய்வு செய்து முத்திரை தருகிறது. அந்த முத்திரை உண்மையானது, ஆய்வும் அதே ஆய்வுதான். ஆனால் வாஷிங்டன் உடன்பாட்டின் வழியாக மூன்றாவது நாட்டில் அது தானாகச் செல்லாது. வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்தின் கிளை வளாகத்தில் சேருகிறவர்கள் இதை இரண்டு முறை படிக்க வேண்டும். தாய் வளாகத்துக்கு இருக்கும் அங்கீகாரம் கிளைக்கும் இருக்கிறது என்று பட்டியலில் தனி வரியாக இருந்தால்தான் கணக்கு.

மூன்றாவது, அடுக்கு. இந்தியாவில் என்பிஏ அங்கீகாரம் டயர் 1, டயர் 2 என்று இரண்டு. பல்கலைக்கழகங்களும் தன்னாட்சிக் கல்லூரிகளும் டயர் 1இல் விண்ணப்பிக்கலாம். பல்கலைக்கழக சிலபஸை அப்படியே நடத்தும் இணைப்புக் கல்லூரிகளுக்கு டயர் 2. வாஷிங்டன் உடன்பாட்டுக்குள் வருவது டயர் 1 மட்டும். 'என்பிஏ அங்கீகாரம் பெற்றது' என்ற பலகையில் இந்த எண் பெரும்பாலும் இருப்பதில்லை. இந்தக் கட்டுரையில் ஒன்றே ஒன்றை நினைவில் வைப்பதானால் இதை வையுங்கள். பட்டம் வாங்கிப் பல ஆண்டு கழித்து வெளிநாட்டு விண்ணப்பம் போடும்போதுதான் பலருக்கு இது உறைக்கிறது.

நான்காவது, நிலை. வாஷிங்டன் என்பது முழுப் பொறியாளர் பட்டத்துக்கு. பொறியியல் தொழில்நுட்பவியலாளர் படிப்புகளுக்கு 2001இல் வந்த சிட்னி உடன்பாடும், டெக்னீஷியன் படிப்புகளுக்கு 2002இல் வந்த டப்ளின் உடன்பாடும் தனி. மூன்றையும் பிரிப்பது மாணவரிடம் எதிர்பார்க்கப்படும் சிக்கலின் தன்மை. டப்ளின் நிலையில் விடை காணும் வழி தெளிவாக வரையறுக்கப்பட்டிருக்கும். சிட்னி நிலையில் தெரிந்த முறைகளைப் புதிய இடத்தில் பொருத்த வேண்டும். வாஷிங்டன் நிலையில் முரண்படும் தேவைகளுக்கு நடுவே, ஆயத்தமான வழி இல்லாத சிக்கலை அடிப்படையிலிருந்து பிரித்து அவிழ்க்க வேண்டும். அமெரிக்காவில் 'இன்ஜினியரிங்' பட்டமும் 'இன்ஜினியரிங் டெக்னாலஜி' பட்டமும் அடுத்தடுத்த வரியில் இருக்கும். முன்னதை ஏபெட்டின் ஒரு ஆணையமும் பின்னதை வேறொரு ஆணையமும் ஆராய்கின்றன. கணிதச் சுமை குறைவு, லேப் அதிகம் என்பதால் டெக்னாலஜி பட்டத்தை விரும்பி எடுப்பதில் தவறே இல்லை. தெரியாமல் எடுப்பதுதான் தொல்லை, ஏனென்றால் சில மாநிலங்களில் அந்தப் பட்டத்தோடு லைசென்ஸ் கேட்டால் கூடுதல் அனுபவ ஆண்டுகள் காட்ட வேண்டியிருக்கும். சில மாநிலங்கள் ஏற்பதே இல்லை.

இத்தனையும் சரியாக அமைந்தாலும் உடன்பாடு படிப்பை மட்டுமே சமன் செய்கிறது. லைசென்ஸுக்கான தேர்வும் அனுபவமும் அந்தந்த நாட்டு விதிப்படி தனியாகக் கடக்க வேண்டியவை.

பட்டியல்களைப் படிப்பது எப்படி

கல்லூரியின் பலகையை விட்டுவிட்டு, அங்கீகரித்த அமைப்பின் இணையதளப் பட்டியலுக்கே நேராகப் போக வேண்டும். எல்லா அமைப்பும் பட்டியலை இலவசமாகத் திறந்து வைத்திருக்கிறது. பயன்படுத்தும் எளிமையில் ஒன்றுக்கொன்று வித்தியாசம் இருக்கிறது.

சுலபமானது ஏபெட்டின் தேடல். கல்லூரி பெயரைத் தட்டினால் ஒவ்வொரு பட்டமும் தனி வரியாக வரும். எந்த ஆணையம், எந்தத் தேதியிலிருந்து, அடுத்த முழு ஆய்வு எந்த ஆண்டு என்று எல்லாம் தெரியும். முழு ஆய்வுகளுக்கு நடுவே அதிகபட்சம் ஆறு ஆண்டு இடைவெளி. ஒரு படிப்புக்குப் போன ஆய்விலிருந்து இரண்டே ஆண்டில் அடுத்த ஆய்வு என்று இருந்தால், போன ஆய்வில் ஏதோ குறை சுட்டப்பட்டிருக்கக் கூடும். புதிய படிப்புகளுக்கும் வேறு காரணங்களாலும் அப்படி வருவதுண்டு என்பதால், கல்லூரியிடம் கேட்டுத் தெளிவதே முறை.

பிரிட்டன் இன்ஜினியரிங் கவுன்சிலின் பட்டியல் தகவல் செறிவானது, ஆனால் கண்ணைக் கட்டும். அங்கே ஆண்டுகள் சேர்க்கை ஆண்டைக் குறிக்கின்றன. அதாவது 2022 வரை என்று இருந்தால் 2022இல் சேர்ந்தவரும் அடக்கம். அவர் எப்போது முடித்தாலும் பரவாயில்லை. ஏபெட்டிலும் கனடாவிலும் எண்ணப்படுவது பட்டம் பெறும் காலம். இந்த வித்தியாசம் சின்னதாகத் தெரியும். ஆனால் படிப்பின் நடுவில் அங்கீகாரம் போனால் பிரிட்டனில் சேர்க்கை ஆண்டு உங்களைக் காப்பாற்றும். பட்டத் தேதியை எண்ணும் இடத்தில் அப்படிக் காப்பு இல்லை.

பிரிட்டன் பட்டியலில் இன்னொரு கலத்தையும் கவனிக்க வேண்டும். மூன்றாண்டு பி.இங். ஹானர்ஸ் பட்டத்துக்கு நேராக, சார்ட்டர்டுக்கு ஒரு படி கீழான இன்கார்ப்பரேட்டட் இன்ஜினியருக்கு முழுமை, சார்ட்டர்டு இன்ஜினியருக்குப் பகுதி என்று இருக்கும். சார்ட்டர்டு தகுதிக்கு அதன் மேல் முதுநிலை நிலையிலான படிப்பும் தேவை. ஒரேயடியாக நான்காண்டு எம்.இங். எடுத்தால் படிப்புத் தகுதி முழுமை. தனியாக எம்.எஸ்சி. சேர்ப்பதாக இருந்தால் அந்த எம்.எஸ்சி.யும் 'மேற்படிப்பு' என்ற வகையில் பட்டியலில் இருக்கிறதா என்று பாருங்கள். நிர்வாகப் பாடங்கள் நிறைந்த முதுநிலைப் பட்டங்கள் இதில் வழுக்கிவிடும்.

என்பிஏ பட்டியலில் மாநிலம், கல்லூரி வாரியாகத் தேடலாம். பாடப்பிரிவு, கல்வியாண்டுகள், எந்தத் தேதி வரை செல்லும் என்பது இருக்கும். அங்கீகாரம் மூன்று ஆண்டுக்கோ ஆறு ஆண்டுக்கோ தரப்படுகிறது. நான்காண்டுப் படிப்புக்குள் மூன்றாண்டு அங்கீகாரம் கட்டாயம் ஒருமுறை காலாவதியாகும் என்பதை மனதில் வைத்துக்கொண்டு, இதற்கு முன் புதுப்பித்தலில் இடைவெளி விழுந்திருக்கிறதா என்று பழைய காலங்களையும் பாருங்கள். ஒருமுறை விட்டுப் பிடித்த துறை மறுபடி விட வாய்ப்பு அதிகம் என்பது எங்கள் கணிப்பு.

எந்தப் பட்டியலிலும் பெயர் எழுத்துக்கு எழுத்து பொருந்த வேண்டும். பட்டியலில் 'எலெக்ட்ரிக்கல் அண்ட் எலெக்ட்ரானிக்ஸ்' இருந்து, உங்கள் சான்றிதழில் வேறு சிறப்புப் பெயர் ஒட்டியிருந்தால், மதிப்பீடு செய்பவர் அதை வேறு படிப்பாக எடுத்துக்கொள்ளலாம். பகுதிநேரம், தொலைநிலை, மாலைநேரக் கல்வி எல்லாம் தனித்தனி.

எந்தப் பிரிவுக்கு எவ்வளவு எடை

சிவில், ஸ்ட்ரக்சுரல் பற்றி அதிகம் பேச வேண்டியதில்லை. அங்கீகாரம் இல்லாத சிவில் பட்டத்தை இலவசமாகக் கொடுத்தாலும் யோசிக்க வேண்டும். மின்சக்தி, கட்டட மின்னமைப்பு, குளிர்சாதன வடிவமைப்பு, தீத்தடுப்பு போன்றவையும் அதே வரிசை. அமெரிக்காவில் பட்டம் முடிக்கும் கட்டத்திலேயே 110 கேள்விகள் கொண்ட அடிப்படைத் தேர்வை எழுதி, சுமார் நான்கு ஆண்டு அனுபவத்துக்குப் பின் புரொஃபஷனல் இன்ஜினியர் தேர்வுக்குப் போவது வழக்கமான பாதை. ஏபெட் பட்டம் இல்லாதவருக்குப் பல மாநிலங்களில் இந்தப் பாதை படிப்பு மதிப்பீட்டில் தடுக்கும்.

மெக்கானிக்கல், கெமிக்கல், எலெக்ட்ரானிக்ஸ் படித்து உற்பத்தி நிறுவனங்களுக்குள் வேலை செய்பவர்களில் பெரும்பாலோர் லைசென்ஸ் பக்கமே போவதில்லை. அமெரிக்க மாநிலங்கள் பலவற்றில் நிறுவனத்தின் உள்வேலைக்கு விலக்கு உண்டு. அப்படியும் அங்கீகாரத்தை விடாதீர்கள் என்றே சொல்வோம், ஏனென்றால் ஆலோசனை நிறுவனத்துக்கு மாறுவதும் நாடு மாறுவதும் பத்து ஆண்டு கழித்து வரும் ஆசைகள்.

சாஃப்ட்வேரில் நிலைமை வேறு. அமெரிக்காவில் சாஃப்ட்வேர் பிரிவுக்கென்று 2013இல் தொடங்கிய புரொஃபஷனல் இன்ஜினியர் தேர்வு, எழுத ஆளில்லாமல் 2019 ஏப்ரலோடு நிறுத்தப்பட்டது. துறையே கேட்காத லைசென்ஸுக்காகக் கல்லூரியைத் தேர்வு செய்ய வேண்டியதில்லை. கணினிப் பட்டங்களுக்கென 2008இல் சியோல் உடன்பாடு வந்தது. வாஷிங்டனும் அதுவும் ஒன்றல்ல. கம்ப்யூட்டர் சயின்ஸில் அல்காரிதம், ஆப்பரேட்டிங் சிஸ்டம், கணித அடித்தளம் எவ்வளவு ஆழம் என்று சிலபஸைப் பார்த்து முடிவெடுப்பது போதும். விதிவிலக்கு ஒன்று: வேலை அனுபவமும் பட்டமும் பொறியாளர் என்ற வகையில் மதிப்பிடப்பட்டுக் குடியேற நினைப்பவர்.

செயற்கை நுண்ணறிவு, டேட்டா சயின்ஸ், ரோபாட்டிக்ஸ் என்று புதிதாகத் தொடங்கும் பிரிவுகளுக்கு, மாணவர் பட்டம் பெற்று வெளியே வரும்வரை முழு அங்கீகாரம் கிடைக்க வழியில்லை. ஏபெட் குறைந்தது ஒரு பட்டதாரியாவது வந்திருக்க வேண்டும் என்கிறது. ஆஸ்திரேலியாவில் அதுவரை தற்காலிக அங்கீகாரம் தருகிறார்கள். எனவே முதல் இரண்டு பேட்ச்சில் சேருகிறவர் ஒரு பந்தயம் கட்டுகிறார். அதே துறை அதே லேப்களோடு பல ஆண்டாக அங்கீகாரம் பெற்ற வேறு பிரிவையும் நடத்துகிறது என்றால் பந்தயம் மோசமில்லை. துறையே புதிது, ஆசிரியர்கள் மற்ற துறையிலிருந்து இரவல் என்றால், தாய்ப் பிரிவில் சேர்ந்து அந்தப் பாடங்களை விருப்பப் பாடமாக எடுப்பது புத்திசாலித்தனம்.

அங்கீகாரம் இல்லாமல் போனால்

கதவு மூடிவிடாது, சுற்றுவழி இருக்கிறது. ஆஸ்திரேலியாவில் இன்ஜினியர்ஸ் ஆஸ்திரேலியா திறன் விளக்க அறிக்கை கேட்கும்: ஒவ்வொன்றும் 1000 முதல் 2500 சொற்கள் வரை மூன்று பணி அத்தியாயங்கள், எந்தப் பத்தி எந்தத் திறனைக் காட்டுகிறது என்று இணைக்கும் சுருக்க அட்டவணை, தொடர்கல்விப் பட்டியல். இதில் அடிபடுபவர்கள் பெரும்பாலும் இரண்டு தவறு செய்கிறார்கள். "நாங்கள் வடிவமைத்தோம்" என்று குழுவைப் பற்றி எழுதுவது ஒன்று. "நான் இந்தச் சுமையைக் கணக்கிட்டேன், இந்தக் காரணத்தால் இந்த விட்டத்தைத் தேர்ந்தேன்" என்று இருக்க வேண்டும். மற்றொன்று, இணையத்தில் விற்கும் மாதிரி அறிக்கையை வாங்கிப் பெயரை மாற்றுவது. நகல் சோதனையில் சிக்கினால் நிராகரிப்போடு, சில காலம் விண்ணப்பிக்கவே தடையும் வரலாம்.

அமெரிக்காவில் உங்கள் பாடங்களை ஒவ்வொன்றாக ஒரு கல்வித் தரத்தோடு ஒப்பிட்டு, எத்தனை கிரெடிட் குறைகிறது என்று அறிக்கை தருவார்கள்; இந்தியப் பட்டங்களில் பெரும்பாலும் குறைவது பொதுக்கல்விப் பாடங்களும் சில வேளை அடிப்படை அறிவியலும். பிரிட்டனில் தனிநபர் மதிப்பீடு, கனடாவில் கூடுதல் தேர்வுகள். எந்த வழியானாலும் மாதங்கள் கரையும், கட்டணமும் கூடும்.

இந்தச் சுற்றுவழிகள் எல்லாவற்றிலும் ஆளைத் தடுமாற வைப்பது ஒரே காகிதம்தான்: நீங்கள் படித்த ஆண்டின் விரிவான சிலபஸ். கல்லூரிகள் சிலபஸை மாற்றிய கையோடு பழையதை இணையதளத்திலிருந்து எடுத்துவிடும். கடைசி செமஸ்டரிலேயே, உங்கள் ரெகுலேஷன் (பாடத்திட்டப் பதிப்பு) எண் தெரியும்படி, எல்லாப் பாடத்துக்கும் மணி நேரமும் கிரெடிட்டும் பாடத்தலைப்புகளும் உள்ள பிரதியில் துறைத் தலைவரின் கையெழுத்தும் முத்திரையும் வாங்கி வையுங்கள். அன்றைக்கே அங்கீகாரப் பட்டியலில் உங்கள் பிரிவின் வரியைத் தேதி தெரியும்படி பிரிண்ட் எடுத்து, பட்டச் சான்றிதழோடு அதே பைலில் போட்டுவிடுங்கள்.